படம் பார்க்க லாரி ஏறிய காலம்: கெடா தோட்டங்களின் தியேட்டர்கள் எங்கே போயின?

இன்று சுங்கை பட்டாணியில் ஒரு தமிழ்ப்படம் பார்க்கணும்னா கைப்பேசியில் நேரத்தைப் பார்த்து, சீட்டைத் தேர்ந்தெடுத்து, மாலுக்குப் போனால் போதும். அலோர் ஸ்டாரிலும் அப்படித்தான். ஆனால் உங்கள் வீட்டில் எழுபது வயதை ஒட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், "மொதல் படம் எங்க பாத்தீங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதிலில் மால் வராது. தோட்டத்துத் திடல், இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணி, சம்பள நாள், லாரி, பட்டணத்துத் தியேட்டர் என்றுதான் கதை போகும்.

அந்தத் திடல்களில் பல இன்று இல்லை. பட்டணத்துப் பழைய தியேட்டர்களும் பெரும்பாலும் இல்லை. "டிவி வந்துச்சு, வீடியோ வந்துச்சு, தியேட்டர் போச்சு" என்பதுதான் நாம் வழக்கமாகக் கேட்கும் காரணம். அது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. கெடாவைப் பொறுத்தவரை மீதிப் பாதி, தோட்டங்கள் கலைந்த கதையில் இருக்கிறது.

தோட்டத்துக்குள் படம் எப்படி வந்தது?

கெடா 1909-இல் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குக் கைமாறியது. அதைத் தொடர்ந்து தென் கெடாவில் ரப்பர் வேகமாகப் பரவியது. கோல மூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு ஆகிய மாவட்டங்களில்தான் தமிழர்கள் அதிகம் குடியேறினார்கள். பீடோங்கின் ஹார்வர்ட், கூலிம் பக்கத்து டப்ளின், பாடாங் செராயின் விக்டோரியா போன்ற தோட்டங்களின் பெயர்கள் இன்றும் அந்த வட்டாரப் பெரியவர்களின் பேச்சில் முகவரி மாதிரி வரும்.

தோட்டம் என்பது தனி உலகம். விடியற்காலையில் பெரட்டு, பிறகு பால்வெட்டு, மதியம் பால் கொண்டுபோய் ஊற்றுவது. வேலை முடிந்தால் லயத்து வீடு, கோயில், கள்ளுக்கடை. 1946, 1947-இல் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து கிளம்பிய தொண்டர் படை, கள்ளுக்கு எதிராகவே போராடியது. கள்ளுக்கடையை விட்டால் கூடி உட்கார வேறு இடம் ரொம்பக் குறைவு. அந்த இடத்தைத்தான் திருவிழாக் கூத்தும் பிறகு சினிமாவும் நிரப்பின.

மலாய் மொழியில் இதற்கு ஓர் அழகான பெயர் உண்டு: வாயாங் பாச்சாக். கம்பத்தைத் தரையில் நட்டு, திரையைக் கட்டிக் காட்டும் படம் என்று பொருள். ஒரு வேன், ஒரு ஜெனரேட்டர், ஒரு புரொஜக்டர், இரண்டு ஒலிபெருக்கி. அவ்வளவுதான் தியேட்டர். மருந்து, சத்துபானம் விற்கிற கம்பெனிகளும் இப்படி வேன் அனுப்பின. படத்துக்கு நடுவே வியாபாரம் நடக்கும்.

இந்த வேன்களில் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் பிலிம்தான் ஓடியது. அதற்குக் காரணம் உண்டு. பட்டணத்துத் தியேட்டரில் ஓடும் 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் என்றால் 13,500 அடி, அதாவது நாலு கிலோமீட்டருக்கும் மேல். அதே படம் 16 மில்லிமீட்டரில் 5,400 அடிக்குள் அடங்கிவிடும். சுமை குறைவு. இன்னொன்று, 1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீட்டர் பிலிமில் பெரும்பகுதி எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. 16 மில்லிமீட்டர் அப்படி இல்லை. செம்மண் சாலையில் குலுங்கிப் போகிற வேனுக்கு அதுதான் சரி.

ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் முடிந்ததும் படம் நின்றுவிடும். அடுத்த ரீலை மாட்டும்வரை கச்சான் விற்கும், பிள்ளைகள் திரைக்குப் பின்னால் ஓடிப் பார்க்கும். துணித்திரை என்பதால் பின்பக்கமும் படம் தெரியும், ஆனால் இடம் வலமாக மாறி.

அரசாங்க வேன் எதற்காக வந்தது?

தோட்டத்துக்கு வந்த வேன் எல்லாம் பொழுதுபோக்குக்காக வரவில்லை. 1946-இல் மலாயன் பிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. இதுதான் பின்னாளில் பிலிம் நெகாரா மலேசியா ஆனது. 1948 முதல் 1960 வரை நாட்டில் அவசரகாலம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டையில் காட்டோரத் தோட்டங்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு என்று வாழ்க்கையே மாறியது. 1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்த பாலிங், கெடாவின் ரப்பர் வட்டாரம்தான்.

அந்தக் காலத்தில் மக்களின் மனதைத் தன் பக்கம் திருப்ப அரசாங்கம் பயன்படுத்திய கருவிகளில் நடமாடும் சினிமாவும் ஒன்று. பிலிம் யூனிட் எடுத்த படங்களுக்கு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் வர்ணனை சேர்க்கப்பட்டது. சுகாதாரம், தேர்தல், அவசரகாலச் செய்திகள் என்று வரும். தோட்ட மக்களுக்கோ அது பிரச்சாரமா இல்லையா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். திரையில் ஒருவர் தமிழில் பேசினார் என்பதே பெரிய விஷயம்.

பட்டணத்துத் தியேட்டர் எப்படி நடந்தது?

திடலில் கிடைத்த ருசிதான் ஆட்களைப் பட்டணத்துக்கு இழுத்தது. மலாயாவின் தியேட்டர் தொழிலில் இரண்டு பெரிய பெயர்கள் உண்டு. ஒன்று ஷா சகோதரர்கள். ரன்மி ஷா 1920களில் இங்கே வந்து, சிறுபட்டணங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, தியேட்டர் இல்லாத இடத்தில் திறந்தவெளியில் படம் காட்டித் தொழிலை வளர்த்தார். ஷா நிறுவனத்தின் கணக்குப்படி 1939 வாக்கில் இந்த வட்டாரத்தில் அவர்களிடம் 139 தியேட்டர்கள் இருந்தன. இன்னொன்று லோக் வான் தோவின் கேத்தே நிறுவனம். இவர்களைத் தவிர, சின்னப் பட்டணங்களில் உள்ளூர் முதலாளிகள் நடத்திய கொட்டகைகளும் இருந்தன.

இங்கேதான் தோட்டத்தின் நாட்காட்டி முக்கியமாகிறது. தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம். சம்பளம் போட்ட வாரம் பட்டணத்தில் மளிகைக்கடை, துணிக்கடை, தியேட்டர் மூன்றுக்கும் கூட்டம். தோட்டத்து லாரியிலோ வாடகை லாரியிலோ குடும்பம் குடும்பமாக ஏறிப் போவார்கள். பால்வெட்டு மதியத்தோடு முடிவதால் மாலைக் காட்சிக்குப் போக நேரம் இருக்கும். ஆனால் மறுநாள் விடியுமுன் எழணும், அதனால் ராத்திரி ரெண்டாம் ஆட்டம் எல்லாருக்கும் ஒத்துவராது. மழை மாதத்தில் மரம் வெட்ட முடியாது, கையில் காசும் இருக்காது. தியேட்டர் வசூலும் படுக்கும்.

பட்டணத்தில் ஓடும் படத்துக்கு வேனில் ஒலிபெருக்கி கட்டி, நோட்டீஸ் வீசி விளம்பரம் செய்வார்கள். முன்வரிசை டிக்கெட் வெள்ளிக்கணக்கில் இல்லை, காசுக்கணக்கில். படச்சுருள் விலை அதிகம் என்பதால், ஒரே பிரதி பெரிய நகரங்களில் ஓடி முடித்துத்தான் சிறுபட்டணத்துக்கு வரும். சில சமயம் பக்கத்துப் பக்கத்துத் தியேட்டர்கள் ஒரே பிரதியைப் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே ஓடி முடிந்த ரீலை ஒருவர் எடுத்துக்கொண்டு அடுத்த தியேட்டருக்கு ஓடுவார். அவர் வர லேட்டானால் அங்கே விசில் பறக்கும்.

புதுப்படத்தைக் காத்திருந்து பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பினாங்கு இருந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை, தென் கெடாவிலிருந்து போகிறவர்கள் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறித்தான் ஜார்ஜ் டவுன் போக வேண்டும். படம் பார்ப்பது அரைநாள் பயணம்.

அந்த இருட்டில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள்?

தோட்டத்தில் துரைக்கு ஓர் இடம், கிராணிக்கு ஓர் இடம், மண்டோருக்கு ஓர் இடம், பால்வெட்டுகிறவருக்கு ஓர் இடம். பட்டணத்துத் தியேட்டரிலும் வகுப்பு வித்தியாசம் இருந்தது, ஆனால் அதை டிக்கெட் காசுதான் தீர்மானித்தது. சம்பள வாரத்தில் கையில் கொஞ்சம் அதிகமாக இருந்தால், பால்வெட்டுகிறவரும் கிராணிக்குப் பக்கத்து வரிசையில் உட்காரலாம். சின்ன விஷயம்தான். ஆனால் தோட்டத்துக்குள் நடக்காத விஷயம்.

இன்னொன்று, ஒரே தியேட்டரில் தமிழ், இந்தி, மலாய், சீன, ஆங்கிலப் படங்கள் மாறி மாறி ஓடின. மலாய்க்காரர்களும் சீனர்களும் இந்திய சினிமாவின் பாட்டுக்காக வந்தார்கள். தமிழர்கள் பி. ரம்லி படத்துக்குப் போனார்கள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தொடக்ககால மலாய் சினிமாவை எடுத்தவர்களில் பலர் இந்தியர்கள். 1930களில் 'லைலா மஜ்னுன்' எடுத்த பி.எஸ். ராஜான்ஸ், 1950-இல் 'பக்தி' படத்தில் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன் இருவரும் அதற்கு எடுத்துக்காட்டு. கெடாவின் கோரைப்பல் ராஜா கதை, துங்கு அப்துல் ரஹ்மான் எழுதியபடி 1968-இல் 'ராஜா பெர்சியோங்' என்று படமானது. ஒருவரின் கதையை இன்னொருவர் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் இருந்த மலிவான வழி, ஒரு தியேட்டர் டிக்கெட்.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

முதலில், எல்லாரும் சொல்கிற காரணத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. வண்ணத்துக்கு மாறியது 1978-இல். மின்சாரம் முழுநேரமும் இல்லாத லயங்களில் கார் பேட்டரியில் கறுப்பு வெள்ளை டிவி ஓட்டியவர்கள் உண்டு. டிவி இருக்கும் வீட்டு வாசலில் தமிழ்ப்படம் வரும் நாளில் செருப்புக் குவியும்.

1980களில் வீடியோ வந்தது. கேசட் வாடகைக்குக் கிடைக்கும், புதுப்படத்தின் திருட்டுக் கேசட்டும் கிடைக்கும். ஒரு குடும்பம் தியேட்டருக்குப் போய்வரும் செலவில் லயத்தில் பத்துக் குடும்பம் படம் பார்த்துவிடலாம். 1996-இல் ஆஸ்ட்ரோவும் அதில் தமிழுக்கென்றே வானவில் அலைவரிசையும் வந்தபோது, வீட்டை விட்டு வெளியே போக இன்னொரு காரணம் குறைந்தது.

பழைய தியேட்டரின் கட்டமைப்பே அதற்கு எதிரியானது. ஒரே திரை, நூற்றுக்கணக்கான இருக்கைகள். கூட்டம் நிறைந்தால் லாபம். கால்வாசி நிறைந்தாலும் அதே மின்சாரம், அதே ஆட்கள், அதே கூரை. மல்டிபிளெக்ஸ் இதைத் தலைகீழாக்கியது: பல சின்னத் திரைகள், ஒவ்வொன்றிலும் வேறு படம். ஓடாத படத்தைச் சின்ன அரங்குக்கு மாற்றிவிடலாம். பழைய கொட்டகையால் அது முடியாது.

ஆனால் பார்த்தவர்கள் எங்கே போனார்கள்?

வீடியோ உலகம் முழுக்க வந்தது. சிறுபட்டணத்துத் தமிழ்த் தியேட்டருக்குக் கெடாவில் விழுந்த அடி அதோடு நிற்கவில்லை. அதன் பார்வையாளர்கள் இருந்த இடமே கலைந்தது.

முதல் கலைப்பு 1950களில் தொடங்கியது. பிரிட்டிஷ் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. இதை உங்கு அஜிஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தோட்டம் துண்டானால் லயமும் வேலையும் போகும். அடுத்து, 1968-இல் வந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர்கள், அதாவது சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், வேலை செய்ய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

மூன்றாவது, ரப்பரின் இடத்தில் செம்பனை. பால்மரத்துக்குத் தினமும் ஆள் வேண்டும். செம்பனைக் குலையை ஒரே மரத்தில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஒரே அளவு நிலத்துக்கு ரொம்பக் குறைவான ஆட்கள். நான்காவது, தொழிற்சாலை. பிறையிலும் சுங்கை பட்டாணியிலும் வேலை கிடைத்தது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போன திசையில் குடும்பங்களும் போயின. மிச்சமிருந்த தோட்டங்களில் சில, வீடமைப்புத் திட்டங்களாக மாறின.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் நூறு குடும்பம் இருந்தபோது சம்பள வாரத்தில் ஒரு லாரி நிறையும். அதே நூறு குடும்பம் பத்துத் தாமான்களுக்குப் பிரிந்துபோனால் லாரி இல்லை, ஒரே சம்பள நாளும் இல்லை, "நாளைக்குப் படத்துக்குப் போறோம்" என்று லயம் முழுக்கப் பரவும் செய்தியும் இல்லை. அந்த மக்கள் சினிமாவை விட்டுவிடவில்லை, தொடர்ந்து பார்த்தார்கள். சேர்ந்து போவது மட்டும்தான் நின்றுபோனது. சிறுபட்டணத் தியேட்டரின் வருமானமோ அந்தச் சேர்ந்து போவதில்தான் இருந்தது.

இந்த இடப்பெயர்வைத் திரையில் பார்க்க விரும்பினால், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) படத்தைத் தேடிப் பாருங்கள். தோட்டத்தை இழந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுவனின் கதை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருது வாங்கியது.

கட்டடங்கள் என்ன ஆயின?

நாடு முழுக்கவே பழைய தியேட்டர்களுக்கு ஏறக்குறைய ஒரே தலைவிதிதான். சில இடிக்கப்பட்டன. சில தளவாடக் கடை, சூப்பர்மார்க்கெட், ஸ்நூக்கர் கூடம், தேவாலயம் என்று மாறின. இன்னும் சில, பறவைக்கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்க்கும் இடமாயின. விநோதமாகத் தோன்றலாம். யோசித்தால் பொருந்தும்: உயரமான கூரை, சன்னல் இல்லாத சுவர், உள்ளே இருட்டு, நல்ல அகலம். குருவிக்குக் குகை மாதிரி.

தப்பிப் பிழைத்தவையும் உண்டு. கோலாலம்பூரின் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் 1920-இல் எழுந்த கொலிசியம், பிற்காலத்தில் தமிழ்ப்படங்களுக்கே பேர்போன தியேட்டரானது. 2006-இல் அதை அரசாங்கம் கையகப்படுத்திக் கலைப் பண்பாட்டு மையமாக்கப் போவதாகச் செய்தி வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. தியேட்டர் தியேட்டராகவே இருக்கட்டும் என்றார்கள். அது தலைநகரம், குரல் கொடுக்க ஆள் இருந்தது. பாடாங் செராயிலோ கோல கெட்டிலிலோ ஒரு கொட்டகை மூடும்போது, அதற்காகப் பேச வேண்டியவர்கள் ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தார்கள்.

புதுசும் நிரந்தரம் இல்லை என்பதையும் பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாத் தியேட்டரும் மூடின. அதே ஆண்டில் எம்பிஓ என்ற பெரிய திரையரங்குச் சங்கிலியே கடையைக் கட்டியது.

இப்போது என்ன செய்யலாம்?

கெடா தோட்டங்களின் சினிமா வரலாறு பெரும்பாலும் ஆட்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. 1960-இல் பத்து வயதுப் பிள்ளையாகத் திடலில் பாய் விரித்து உட்கார்ந்தவருக்கு இன்று எழுபத்தைந்து வயதுக்கு மேல். ஆகவே இது அவசரமான வேலை. பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலி போதும். கேட்க வேண்டிய சில கேள்விகள்:

• எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? திடல் எங்கே இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது?

• வேன் யாருடையது? அரசாங்கமா, கம்பெனியா, தோட்ட நிர்வாகமா?

• பட்டணத்தில் எந்தத் தியேட்டர்? பக்கத்தில் என்ன கடை இருந்தது? டிக்கெட் எவ்வளவு?

• யாரோடு போனீங்க? பொம்பளைங்க போக வீட்டில் விட்டாங்களா?

• கடைசியாக அங்கே பார்த்த படம் எது?

"பக்கத்தில் என்ன கடை" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். தியேட்டர் பெயரை மறந்தவருக்கும் எதிர்க்கடை ரொட்டி சானாய் ஞாபகம் இருக்கும். அதை வைத்துக் கட்டடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

சொன்னதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. பழைய நாளேடுகளில் தியேட்டர் பெயர், படம், காட்சி நேரத்தோடு விளம்பரங்கள் வரும். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் இதழ் யார் வீட்டிலாவது கட்டுக்கட்டாக இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் சினிமா பக்கத்தைப் படம் எடுத்துவையுங்கள். டிக்கெட் துண்டு, பாட்டுப் புத்தகம், தியேட்டர் வாசலில் எடுத்த குடும்பப் படம் எல்லாமே ஆதாரம்தான். தேசிய ஆவணக் காப்பகத்தின் கெடா, பெர்லிஸ் கிளை அலோர் ஸ்டாரில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆவணங்களை என்ன செய்யலாம் என்று அங்கே போய்க் கேட்கலாம்.

தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது தாத்தாவிடம் தேதியைக் கேட்டால் "எனக்கு எங்கப்பா ஞாபகம்" என்பார். "லாரி எங்க வந்து நிக்கும்?" என்று தொடங்குங்கள். அங்கிருந்து மற்றதெல்லாம் தானாக வரும். பதிவு பட்டனை மட்டும் முதலிலேயே அழுத்திவிடுங்கள்.